உங்களுக்குத் தெரியுமா? பிரகலாதன் கதையைப் புரட்டிய வாத்தியார்

பாவேந்தர் பாரதிதாசன் முதன்முதலில் தமிழாசிரியராகச் சேர்ந்தது காரைக்காலை ஒட்டிய நிரவியில். ஆண்டு 1909, பிரெஞ்சு ஆட்சிக்காலம். அப்போது அவர் வெறும் கனக சுப்புரத்தினம், வயது 18. நாத்திகரும் அல்லர்! மயிலம் முருகன்மேல் துதிப்பாடல் எழுதியவர்தான்.

பிறகு சுயமரியாதை இயக்கம் அவரை இழுத்துக்கொண்டது. பிள்ளைகளுக்குப் பக்தியூட்ட வீட்டுக்கு வீடு சொல்லும் பிரகலாதன் கதையை எடுத்துத் தலைகீழாக்கினார். 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் அசுரனே மாவீரன். அவனை வீழ்த்துவது தெய்வமன்று, சூழ்ச்சி. துணிச்சல்தான். 1934-இல் சென்னையில் பெரியார் தலைமையில் அரங்கேறிய அந்நாடகத்தை 1948-இல் சென்னை மாகாண அரசு தடைசெய்தது.

சிறுவர்களுக்கென்றே 'இளைஞர் இலக்கியம்' என்ற பாட்டுப் புத்தகமும் எழுதியிருக்கிறார். கிடைத்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.