மெத்தென்ற ரொட்டி

ரொட்டி என்றால் நம்மில் பலருக்குச் சற்று இளக்காரம். அரிசி தீர்ந்த வேளைக்கும், கறி சமைக்க அவகாசம் கிட்டாத நாளுக்கும் உரிய பதார்த்தம் அது என்பது நமது எண்ணம். விருந்தினர் முன்னிலையில் ரொட்டியை எடுத்து வைக்க இல்லத்தரசிகள் கூசுவார்கள். ஆயினும் அதே ரொட்டி வேறொரு பெயரைப் பூண்டு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்துவிட்டால், அதற்கு உண்டாகும் மதிப்பே தனி.

இந்த உண்மையை எனக்கு எடுத்துக் காட்டியவர்கள் என் மாணவர் இருவர். கண்டி நகரிலே விஞ்ஞானம் கற்பித்து வருபவன் நான். சென்ற ஆண்டு ஒரு நாள் இடைவேளையின்போது வகுப்பறைப் பக்கமாகச் சென்றேன். நகரத்து மாணவன் ஒருவன் கடையில் வாங்கி வந்த ‘ராப்’ என்னும் பண்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். மெல்லிய ரொட்டியொன்றில் கோழிக்கறியையும் கோவா இலையையும் வைத்துச் சுருட்டியதே அப்பண்டம். நண்பர்கள் நால்வர் அவனைச் சூழ்ந்து நின்று ஆளுக்கொரு துண்டு கேட்டனர். மூலை வாங்கிலே மற்றொருவன் இருந்தான். தோட்டத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருபவன். உணவுப் பொதியை மேசைக்கு அடியில் வைத்து, ஒரு கையால் மறைத்தவாறு, ரொட்டியைப் பிய்த்து உண்டுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பொதியை மூடிவிட்டான்.

“சாப்பிடு தம்பி, ஏன் மூடுகிறாய்?” என்றேன்.

“பசி இல்லை, சேர்” என்றான்.

அந்தப் பொய் எனக்குப் புதிதன்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே பொய்யை நானும் சொல்லியிருக்கிறேன்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்திலே பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தவர். விடியுமுன் எழுந்து, கவ்வாத்து வெட்டிய மிலாற்றை அடுப்பில் மூட்டி, கோதுமை மாவில் உப்பும் பச்சைத் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டிக் கல்லிலே போடுவார். எங்களுக்கு ஆளுக்கொரு ரொட்டியைப் பொதி செய்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடுவார். சுட்ட கையோடு உண்டால் அந்த ரொட்டிக்கு நிகர் இல்லை. ஆனால், பாடசாலையின் இடைவேளை மணி அடிப்பதற்குள் அது விறைத்துப் போகும். நகரத்துப் பாடசாலையில் உடன் பயின்றவர்கள் அதற்கு ‘ஓடு’ என்று பெயர் சூட்டினார்கள். அதன் பின்னர் எத்தனையோ நாள் பொதியைப் பிரிக்காமலே வைத்திருந்து, வீடு திரும்பும் வழியில் எறிந்துவிட்டுப் போயிருக்கிறேன். அம்மாவுக்கு ரொட்டி சுடத் தெரியாது என்றே வெகுகாலம் நம்பியும் இருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

கடல் கடந்த உறவினர்

மாணவன் வாங்கி வந்த பண்டத்தின் மேலுறையாக அமைந்த மெல்லிய ரொட்டிக்கு டோர்ட்டியா என்று பெயர். அது மெக்சிக்கோ நாட்டுக்குரியது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குச் ‘சிற்றப்பம்’ என்பது பொருள். அந்நாட்டின் பழங்குடி மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து அரைத்துச் சுட்ட அப்பத்துக்கே ஸ்பானியர் இப்பெயரை இட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கோதுமையையும் அங்கே கொண்டு சென்றனர். வடபுறத்துச் சொனோரா முதலான மாநிலங்களில் கோதுமை நன்கு விளைந்தது. அங்கேதான் கோதுமை மா டோர்ட்டியா வழக்கில் ஊன்றியது. மா, கொழுப்பு, உப்பு, நீர் ஆகிய நான்குமே அதன் உள்ளடக்கம். கொழுப்புக்கு அவர்கள் பன்றி நெய்யைச் சேர்ப்பது வழக்கம். நாம் தாவர எண்ணெயையோ பசு நெய்யையோ சேர்க்கலாம். நம் வீட்டு ரொட்டிக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவே.

மா வந்த கதை

நம் தோட்டங்களிலே ரொட்டி எவ்வாறு அன்றாட உணவாயிற்று? இலங்கையில் கோதுமைச் சாகுபடி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தேவையான தானியம் கப்பலில் வரவேண்டும். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் எங்கள் தெல்தோட்டைக்கு அணித்தான லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட காலத்தில், தொழிலாளரின் உணவு இறக்குமதி அரிசியாகவே இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பின்னரும் மா போகவில்லை. தோட்ட நிர்வாகங்கள் அரிசியையும் மாவையும் கொடுத்து, அவற்றின் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் அந்த மாவும் அரிதாயிற்று. மலையகத் தோட்டங்களில் பசிக்குப் பலியானோர் பலர். 1980இல் திருகோணமலையில் பிரிமா நிறுவனத்தின் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கிற்று. என் பிள்ளைப் பருவத்து ரொட்டி அக்காலத்து மாவில் விளைந்ததாகும்.

மென்மையின் இரகசியம்

இனி, ரொட்டி ஏன் விறைக்கிறது, ஏன் மெத்தென்று இருக்கிறது என்பதை ஆராய்வோம்.

கோதுமை மாவிலே கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரதங்கள் உள. நீர் பட்டுப் பிசையும்போது இவை இணைந்து குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. பிசைந்த உடனே இவ்வலை முறுக்கேறி நிற்கும். உருட்ட உருட்டச் சுருங்கும். அரைமணி நேரம் மூடி வைத்தால் முறுக்குத் தளர்ந்து, மா நாம் சொன்னபடி கேட்கும். கொழுப்பு, மாத்துகள்களின் மேல் படர்ந்து, இவ்வலை அளவுக்கு மீறி இறுகாமல் காக்கிறது. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி இலகுவில் பிய்வதற்கும் தேங்காயிலுள்ள கொழுப்பு ஒரு காரணமாகும்.

வெந்நீருக்கும் ஒரு வேலை உண்டு. மாவிலுள்ள மாப்பொருள், ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் நீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கும். ஆகவே நல்ல சூடான நீரில் பிசைந்த மா அதிக ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. கடைசியாக, சுட்ட ரொட்டியைத் திறந்து வைத்தால் அதன் ஈரம் ஆவியாகிப் போகும். துணியில் பொதிந்து வைத்தால் அந்த ஆவியே ரொட்டியை மெதுவாக்கும். நெடுநேரம் சென்ற ரொட்டி விறைப்பதற்கு ஈரம் போவது மாத்திரம் காரணமன்று. ஆறும்போது மாப்பொருளும் மீண்டும் இறுகுகின்றது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது விரைந்து நிகழும். சூடான கல்லில் சில விநாடி வாட்டினால் பெருமளவு பழைய நிலைக்கு மீளும்.

செய்முறை

பதினான்கு ரொட்டிக்கு வேண்டியன: கோதுமை மா 500 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் அல்லது நெய் நான்கு மேசைக்கரண்டி, சூடான நீர் ஏறக்குறைய 275 மில்லிலீற்றர். நீர் கொதிக்க வேண்டியதில்லை. கை பொறுக்காத சூடு போதும்.

மாவில் உப்பைக் கலந்து, எண்ணெயை விட்டு, மா மணல்போல் உதிரும்வரை விரல்களால் பிசறுக. நீரைச் சிறிது சிறிதாக விட்டு முதலில் அகப்பையால் கிளறுக. சூடு தணிந்ததும் கையால் ஐந்து நிமிடம் பிசைக. மா காதுமடல்போல் மிருதுவாக இருத்தல் வேண்டும். கையில் ஒட்டுமேயானால் சற்று மாவும், வெடிக்குமேயானால் சற்று நீரும் சேர்க்கலாம். ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்கவும். பின்னர் பதினான்கு உருண்டைகளாக்கி, மேலும் கால்மணி நேரம் மூடி வைக்கவும்.

ஒவ்வோர் உருண்டையையும் எட்டு அங்குல வட்டமாக மெல்லியதாக உருட்டுக. கட்டை இல்லாதோர் கழுவித் துடைத்த போத்தலால் உருட்டலாம். மேலே அதிகம் மா தூவுதல் ஆகாது; அந்த மா கருகி ரொட்டியை வறளச் செய்யும். எண்ணெய் தடவாத கல்லை நன்றாகக் காயவைத்து ரொட்டியைப் போட்டால் அரை நிமிடத்துக்குள் கொப்புளங்கள் எழும். திருப்பிப் போட்டு மேலும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுக. தணிந்த நெருப்பில் நெடுநேரம் கிடக்கும் ரொட்டி காய்ந்து அப்பளமாகிவிடும். எடுத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் பத்து நிமிடம் வைக்கவும். உருளைக்கிழங்குப் பிரட்டலோ, பருப்போ, கட்டைச் சம்பலோ வைத்துச் சுருட்டி உண்ணலாம்.

அம்மாவின் மறுமொழி

ஞாயிற்றுக்கிழமையொன்றில் இம்முறைப்படி நானே ரொட்டி சுட்டேன். அம்மா இப்பொழுது கண்டியில் எங்களோடு இருக்கிறார். துணியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, விஞ்ஞானம் முழுவதையும் விளக்கினேன். பொறுமையோடு கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“எண்ணெ விட்டா மெத்துன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாதா ஐயா? தீவாளிக்கு அப்படித்தானே சுட்டேன்!”

எனக்குச் சுருக்கென்றது. ஆம், தீபாவளியன்று அம்மா சுட்ட ரொட்டி மறுநாளும் மிருதுவாக இருந்தது நினைவுக்கு வந்தது. மென்மைக்கு வேண்டியவை என்று நான் பட்டியலிட்ட ஒவ்வொன்றையும் அப்போது எண்ணிப் பார்த்தேன். எண்ணெய் கடையில் கடனுக்கு வாங்கவேண்டிய பொருள். எங்கள் மலையில் தென்னை கிடையாது, தேங்காயும் காசுக்குத்தான். மாவுக்கென்று தனியே நீர் காயவைக்க விறகும் வேண்டும். அதைச் சுமந்து வருபவரும் அம்மாவே. அரைமணி நேரம் மா ஊறவேண்டும் என்றால், பெரட்டு அதற்காகக் காத்திராது. அறியாமையால் விறைத்த ரொட்டியன்று அது. எண்ணெயும் விறகும் நேரமும் இல்லாமையால் விறைத்தது. வசதி வாய்த்த ஒரு நாளில், அதாவது தீபாவளியில், அதே கை மெத்தென்ற ரொட்டியைச் சுட்டது.

“அப்படியென்றால் ஏன் அவ்வளவு தடிப்பாகத் தட்டினீர்கள் அம்மா?” என்று கேட்டேன்.

கையிலிருந்த மெல்லிய ரொட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா இதத் தின்னுட்டு மலையேற முடியாது” என்றார்.

வகுப்பிலே

அடுத்த வாரம் மனைப்பொருளியல் அறையில் அனுமதி பெற்று, இரு மாவுகளை மாணவர் முன் வைத்தேன். ஒன்று பச்சைத் தண்ணீரில் அப்போதே பிசைந்தது. மற்றது எண்ணெயும் வெந்நீரும் சேர்த்து ஊறவைத்தது. இரண்டையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பின்னர் ரொட்டி தட்ட யார் வருவீர்கள் என்று கேட்டேன். நகரத்துப் பிள்ளைகளின் ரொட்டிகள் இலங்கைப் படம் போலவும் இந்தியப் படம் போலவும் அமைந்தன. மூலை வாங்கு மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். கட்டையைத் தொடவில்லை. இரு உள்ளங்கைகளுக்கும் இடையே நான்கு தட்டு; ரொட்டி வட்டமாக வந்து விழுந்தது. “எங்களுக்கும் காட்டித் தாடா” என்று ‘ராப்’ வாங்கி வந்த மாணவனே முதலில் அவனருகே போய் நின்றான். அதற்குப் பின்னர் வந்த நாட்களில் அவனுடைய பொதி மேசையின்மேல் இருக்கக் கண்டேன். நான் எதுவும் கேட்கவில்லை.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் கோதுமை மாவின் விலை மளமளவென்று ஏறியதும், சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றதும் நாம் யாவரும் அனுபவித்தவையே. ஏழையின் ரொட்டி என்று நாம் அலட்சியம் செய்ததும் எளிதில் கிட்டாமற் போகலாம் என்பதை அந்த ஆண்டு உணர்த்திற்று. ஆகவே வாசக நேயர்களே, வருகிற ஞாயிறன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரொட்டி சுடுங்கள். மா ஊறும் அரைமணி நேரத்தில், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னாளில் எதைக் கொண்டு எவ்வாறு சமைத்தார்கள் என்று கேளுங்கள். மாணவர்களே, உடன் பயில்பவனின் பொதியில் விறைத்த ரொட்டியைக் கண்டால் அதற்குப் பெயர் சூட்டாதீர்கள். உங்கள் பொதியிலிருந்து ஒரு துண்டைக் கொடுத்து, அவனுடையதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உண்ணுங்கள்.