மண்டையோடு தூக்கிய நாய்... இறால் கவ்விய பூனை! சாமியார்களைக் கலாய்த்த மன்னரும் ஓவியர்களும்

செஞ்சி பக்கம் போகிறவர்கள் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தளவானூர் பாறையில் மகர தோரணத்தோடு இருக்கும் சத்ருமல்லேஸ்வரம் குடைவரையைப் பார்ப்பவர்கள் குறைவு. 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் குடைவித்தவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். 'சத்ருமல்லன்' அவருடைய பட்டப்பெயர். இன்னொரு பட்டப்பெயர், 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களில் புலி!

புலிக்குக் கிண்டலும் நன்றாக வரும். அவர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' சம்ஸ்கிருத நாடகம், காஞ்சிபுரத்தில் நடக்கிறது. போதையில் இருக்கும் காபாலிகர் ஒருவர், தன் பிச்சைப் பாத்திரமான மண்டையோட்டைத் தொலைத்துவிட்டு, ஒரு பௌத்த பிக்கு மீது திருட்டுப் பழி போடுகிறார். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வேறு. கடைசியில் பார்த்தால், உள்ளே இருந்த இறைச்சிக்காக அதைத் தூக்கிப்போனது ஒரு நாய்! சிவனுக்குக் கோயில் குடைந்தவரே சைவத் துறவிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் ஆச்சர்யம்.

அங்கே நாய் என்றால், 19-ம் நூற்றாண்டு கொல்கத்தாவில் பூனை. காளிகாட் கோயிலைச் சுற்றி விற்ற படங்களில் அது பிரபலம். நெற்றியில் நாமம், வாயில் இறால். நம்மூர் 'ருத்திராட்சப் பூனை'யேதான்!

வரைந்தவர்கள் பட்டுவாக்கள். கிராமங்களில் நீளமான படச்சுருளை விரித்து, பாட்டாகக் கதை சொன்னவர்கள். நகரத்துப் பக்தர்களுக்கு நின்று கேட்க நேரமில்லை. அதனால் மில் காகிதத்தில், ஒற்றைத் தாளில், சரசரவென்று படம். குடும்பமே சேர்ந்து வேலை செய்யும். ஒருவர் கோடு போட்டால் இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். சாமி படங்களோடு, பட்டுக்கரை வேட்டியும் பம்ப் ஷூவுமாகத் திரிந்த 'பாபு'க்களும் மாட்டினார்கள்.

1873-ல் தாரகேஸ்வர் கோயில் மஹந்துக்கும் எலோகேஷி என்ற இளம்பெண்ணுக்கும் தொடர்பு என்று பேச்சு கிளம்பியது. கணவர் நபின், மீன் நறுக்கும் அரிவாளால் அவளை வெட்டிக் கொன்றார். மஹந்துக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. வெற்றிலை நீட்டும் எலோகேஷி, ஓங்கிய அரிவாள், ஜெயிலில் செக்கு இழுக்கும் மஹந்து என இந்தக் கதை வரிசையாகப் படங்களாக வந்தது. மஹந்தைக் கைதியாகப் பார்க்க ஜனங்களுக்கு அவ்வளவு ஆசை. ஆனால், உயிரை விட்டவளைக் கொஞ்சம் மயக்குக்காரியாகவே பல படங்கள் காட்டின. பெண்டாட்டி பேச்சைக் கேட்பவனை ஆட்டுக்கடாவாக வரைந்த கிண்டலும் உண்டு. சிரிப்பு வந்தாலும் நியாயம் இல்லையே!

இந்தப் படங்களைச் சாய்த்தது கோபக்கார மஹந்து எவரும் இல்லை, அச்சு இயந்திரம். ஜெர்மனியிலிருந்தும் பளபளக்கும் மலிவுப் படங்கள் வந்து குவிய, 1930-களுக்குள் காளிகாட் கடைகள் ஓய்ந்தன. காசுக்கு விற்ற படங்களில் 600-க்கும் மேல் இப்போது லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன.

நம் பூனையைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு சிற்பத்தில், பெரிய யானைக்குக் கீழே பாருங்கள். கைகளைத் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. சுற்றிலும் எலிகள்!