கதை படிக்கும் பிள்ளையும் கம்பி சுற்றும் கையும்

விஞ்ஞானக் கதை படிப்போரை நம்மவர் இரண்டு விதமாக மதிப்பர். சிறுவராயின், "பாடத்தை மூடிவிட்டுப் பறக்கும் தட்டைப் படிக்கிறான்" என்று கடிந்துகொள்வர். வயது வந்தவராயின், "இன்னும் பிள்ளைத்தனம் போகவில்லை" என்று நகைப்பர். அவருடைய மேசையின்மீது ஈயப் பற்று வைக்கும் கருவியும், செப்புக் கம்பிச் சுருளும், பிரித்துப் போட்ட பழைய வானொலிப் பெட்டியும் கிடக்குமாயின் வீட்டார் பொறுமை இழப்பதும் உண்டு. "இதனால் நாலு காசு வருமா?" என்பது அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியுமாகும்.

பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், அங்கிருந்து பிழைப்பின் பொருட்டு வேற்றூர்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களிலும் இத்தகைய பிள்ளைகள் பலர் உளர். அவர்கள் பொருட்டுப் பெற்றோரிடம் சில சொற்கள் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்திரம் ஏறிய மலை

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய தாலுகாக்கள் கேரளத்தில் நிலைபெற்றன. அங்குள்ள தமிழருக்கு அலுவலகத்தில் ஒரு மொழி, அடுப்பங்கரையில் ஒரு மொழி என்பது அன்றாட வாழ்வாயிற்று. தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோரின் வரலாறு நாம் அறிந்ததே. அதே மலை, எந்திர வினோதங்கள் பலவற்றைக் கண்ட மலை என்பதைப் பலர் நினைப்பதில்லை.

1902-ஆம் ஆண்டில் மூணாற்றை அடுத்த குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தின்மீது வண்டிகள் ஓடின. அவற்றை இழுத்தவை மாடுகள். 1908-இல் அது இரட்டைத் தண்டவாளமுள்ள சிறிய இரயில் பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் என்னும் உச்சிக்குச் சென்று, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. எருது இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியும், மேகத்தின் ஊடே இறங்கும் தேயிலைப் பெட்டியும் ஒரு கதையில் வந்திருந்தால், "ஆசிரியர் அளவுக்கு மீறிக் கற்பனை செய்கிறார்" என்றே சொல்லியிருப்போம். ஒரு காலத்துக் கற்பனை மற்றொரு காலத்தின் கூலி வேலையாகிவிடுகிறது. அந்த வேலையும் மறைந்தபின் மீண்டும் கற்பனைபோலத் தோன்றுகிறது.

வெளியூரில் வாழ்ந்து தமிழில் எழுதியவர்

தமிழில் விஞ்ஞானக் கதை என்றதும் நினைவுக்கு வருபவர் சுஜாதா. 1935-இல் பிறந்த ரங்கராஜன் அவர்கள் திருவரங்கத்தில் வளர்ந்து, டெல்லியிலும் பெங்களூரிலும் அரசாங்க நிறுவனங்களில் பணியாற்றியவர். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. பகலில் எந்திரம், இரவில் எழுத்து என்று வாழ்ந்த அவர், பல்லாண்டுகள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டே தமிழ் எழுதினார் என்பது நம்மைப் போன்றோர் மனத்திற் பதிக்க வேண்டிய செய்தி.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' 2021-ஆம் ஆண்டில் நிகழ்வது. அதில் பேசும் எந்திர நாய் உண்டு; மக்களை எண்களாக்கி ஆளும் ஒரு சர்வாதிகாரியும் உண்டு. அந்த 2021 உண்மையாகவே வந்தது, போயும் விட்டது. எந்திரத்தோடு பேசுவது இன்று புதுமையன்று. ஆனால் அதே ஆண்டில் நம் மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இணைய வழி வகுப்புக்காகக் கைபேசியில் அலை கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்ததையும் நாம் கண்டோம். வருங்காலம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. "இது நம் ஊருக்கு வரும்போது எப்படி வரும், யாருக்கு முதலில் வரும், யாரை விட்டுவிடும்?" என்று கேட்கும் பழக்கத்தையே நல்ல விஞ்ஞானக் கதை வாசகனுக்குக் கற்பிக்கிறது. அக்கேள்வியைப் பள்ளிப் பாடம் எப்போதும் கேட்பதில்லை.

கதையோடு நில்லாத கை

ஆயினும், கதை மட்டும் போதாது. படிப்போரிலும் எழுதுவோரிலும் சிறந்தவர்கள் யாதேனும் ஒரு கைவேலையில் ஈடுபட்டவர்களாகவே இருந்துள்ளனர். 1956 முதல் இலங்கையைத் தம் இல்லமாகக் கொண்ட ஆர்தர் கிளார்க் இதற்கு நல்ல சான்று. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று செயற்கைக் கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்று 1945-இலேயே அவர் ஒரு வானொலிப் பத்திரிகையில் எழுதினார். அப்போது ஒரு செயற்கைக் கோளும் வானில் ஏறியிருக்கவில்லை. அவரை இலங்கைக்கு ஈர்த்ததோ கடலில் மூழ்கிப் பார்க்கும் பொழுதுபோக்கு. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேசுவரத்தின் சிதைவுகளை, 1956-இல் அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியிற் கண்டனர். விண்ணைப் பற்றி எழுதியவரின் பொழுதுபோக்கு, தமிழரின் பழைய கோயில் ஒன்றைக் கடலுக்குள் காட்டித் தந்தது! சுஜாதாவும் கிளார்க்கும் 2008-ஆம் ஆண்டில் மூன்று வார இடைவெளியில் மறைந்தனர்.

மூன்று சென்டிமீட்டர்

காசு செலவில்லாத கைவேலை ஒன்றைக் கூறுவோம். சித்திரை முதல் நாளை ஒட்டிக் குமுளியில் உச்சிப் பொழுதில் நேராக நட்ட கோலுக்கு நிழலே விழாது. மூன்று நான்கு நாட்கள் கழித்து இதே விந்தை பாலக்காட்டில் நிகழும். சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதே காரணம். ஆவணி இரண்டாம் வாரத்தில் அது தெற்கே திரும்பும்போது முதலில் பாலக்காட்டிலும் பின்னர் குமுளியிலும் நிழல் மறையும்.

அந்த உச்சிப் பொழுது கடிகாரத்தில் 12 மணிக்கு வராது, 12.20-ஐக் கடந்தே வரும். நம் கடிகாரங்கள் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பாலக்காடு அதற்கு ஏறத்தாழ 6 பாகை மேற்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நம் நண்பகல் பிந்துகிறது. வானத்து நேரமும் அரசாங்க நேரமும் வெவ்வேறு என்பதை ஒரு குச்சி சொல்லிவிடுகிறது.

இன்னும் ஒரு படி செல்வோம். அண்ணன் குடும்பம் பாலக்காட்டிலும் தங்கை குடும்பம் குமுளியிலும் இருப்பதாகக் கொள்வோம். டிசம்பர் 21 அன்று நண்பகலில் இருவரும் ஒரு மீட்டர் உயரக் கோலை நட்டு நிழலை அளக்கட்டும். பாலக்காட்டில் ஏறத்தாழ 68 சென்டிமீட்டரும் குமுளியில் 65 சென்டிமீட்டரும் இருக்கும். அந்த மூன்று சென்டிமீட்டர் வேறுபாடு எதனால் வந்தது? பூமி உருண்டையாக இருப்பதனால் வந்தது! நிழல்களிலிருந்து கிடைக்கும் கோண வேறுபாடு 1.18 பாகை. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தொலைவு சுமார் 130 கிலோமீட்டர். முழு வட்டத்துக்கு 360 பாகை என்று கணக்கிட்டால் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்று வரும். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் என்பார் இம்முறையில்தான் பூமியை அளந்தார். பிரிந்து வாழும் குடும்பத்தின் பிரிவே அதற்குக் கருவியாகிறது.

மலையைத் தாண்டும் குரல்

நம் மலைநாட்டவர்க்கு வானொலி புதிதன்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. சிற்றலை வான்மண்டலத்தின் மின்னேற்றம் கொண்ட அடுக்கிற் பட்டுத் திரும்பி வருவதால் கடலையும் மலையையும் கடக்கும். கோடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வது. உயர்ந்த சிகரத்தில் நிலையம் இருப்பதனாலேயே மேற்கு மலைகளுக்கு அப்பாலும் தமிழ் கேட்கிறது. இவ்வேறுபாட்டை அறிய விரும்பும் பிள்ளை, கம்பியைச் சுற்றி அலைவாங்கி செய்யத் தொடங்குகிறான். சில நாட்களில் தலைக்கு மேலே செல்லும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலுக்காகக் காத்திருக்கிறான்.

கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்புவோர் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி, மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். 12 வயது நிரம்பியவர் அதற்கு முயலலாம். இந்திய அன்பர்களின் அழைப்புக் குறி 'வி.யு.' என்று தொடங்கும். இவர்களுக்கெனவே 'ஹாம்சாட்' என்னும் சிறு செயற்கைக் கோளை 2005 மே 5 அன்று சிறீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடு ஏவியது.

இது வெறும் விளையாட்டா? 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து உலகத்து வானொலி அன்பர்களோடு பேசும் பொழுதுபோக்கு நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிற்று. மற்றத் தொடர்புகள் அறுந்த வேளையில், உயிரோடிருப்போரைப் பற்றிய செய்திகளை அந்த நிலையமே உறவினர்க்கு அனுப்பிற்று.

பெட்டிமுடி இரவு

இங்கு நம் நெஞ்சைவிட்டு நீங்காத ஓர் இரவைக் குறிப்பிட வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாற்றுக்கு அப்பால் இராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். கயத்தாறு வட்டாரத்தில் வேர் கொண்ட குடும்பங்கள் பல. பெருமழையில் மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. இரவில் நேர்ந்த கொடுமை விடிந்தபின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது.

வானொலிக் கருவி ஒன்று அங்கே இருந்திருந்தால் மலை சரியாதிருக்குமா என்று கேட்பின், இராது என்பதே விடை. எத்தனை பேர் பிழைத்திருப்பர் என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. ஆயினும், உதவி வேண்டும் என்ற சொல் மட்டுமாவது இருளைக் கடந்து சென்றிருக்கும். ஒரு மின்கலம், ஒரு கம்பி, அதனைக் கையாளப் பழகிய ஒருவர் என்ற மூன்றும் போதும். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம். மூன்றாவதை வாங்க முடியாது. வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். அவர், மேசையிற் குப்பை போடுகிறான் என்று நாம் கடிந்துகொள்ளும் பிள்ளையாகவே இருத்தல் கூடும்.

பெற்றோருக்கு

ஆகவே அன்பர்களே, பிள்ளை தமிழில் விஞ்ஞானக் கதை படித்தால் புத்தகத்தைப் பறிக்க வேண்டாம். பிறமொழி சூழ்ந்த ஊரில் அவன் விரும்பித் தமிழ் படிப்பதே ஒரு பேறு. பெண் பிள்ளை பழைய வானொலியைப் பிரித்தால் திருகாணிகளை இட்டுவைக்க ஒரு கிண்ணம் கொடுங்கள். படித்ததைக் கையாற் செய்து பார்க்குமாறு இருவரையும் தூண்டுங்கள். காசு பற்றிய கேள்வியைச் சிறிது காலம் ஒத்திவையுங்கள்.

2030-இல் மலைகளில் நீலக்குறிஞ்சி பூக்கும் பருவம் வரும். 2031 மே 21 அன்று வளையச் சூரிய கிரகணம் இடுக்கியின் தலைமையிடமான பைனாவையும், தேனி, மதுரை ஆகிய ஊர்களையும் கடந்து செல்லும். இன்று ஆறாம் வகுப்பில் இருப்போர் அன்று இளைஞராயிருப்பர். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வரும் டிசம்பர் 21 அன்று நண்பகல் 12.20 அளவில் ஒரு கோலை நடுங்கள். நீங்கள் எவ்வூரில் இருப்பினும் சரி, நிழலின் நீளத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதி, ஊரின் பெயரோடு நமக்கு அனுப்புங்கள்.