சமையல் பெட்டிக்குச் சந்தா: லாபமா, நஷ்டமா?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் முதலில் பழகுவது இன்டர்நெட். அடுத்தது ஆன்லைன் ஷாப்பிங். கார்டு எண்ணை ஒருமுறை டைப் செய்துவிட்டால் போதும், பிறகு எல்லாம் தானாகவே நடக்கும். அந்தத் 'தானாகவே' என்ற சொல்லில்தான் சிக்கலும் இருக்கிறது. அமெரிக்காவில், நியூஜெர்சியில் வசிக்கும் என் அக்கா மகளின் கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வந்தாள். "மாமா, ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம். ஆனா ஊருக்கு வர டிக்கெட் காசு மட்டும் சேரவே மாட்டேங்குது. எங்கே போகுதுன்னே தெரியல" என்றாள். கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். வாரம் தவறாமல் 77 டாலர், ஒரே நிறுவனத்தின் பெயரில் போயிருந்தது. அதுதான் சமையல் பெட்டிச் சந்தா. "அது லாபம்தானே மாமா? ஹோட்டலைவிட ரொம்பக் கம்மியாச்சே!" என்றாள். சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று எக்ஸெல் புரோகிராமைத் திறந்தோம்.

அது என்ன சமையல் பெட்டி?

இணையதளத்தில் இந்த வாரத்திற்கான உணவுகளைத் தேர்ந்தெடுத்தால், அவற்றுக்குத் தேவையான காய்கறி, இறைச்சி, மசாலா எல்லாம் அளந்து, ஐஸ் பைகளோடு பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். செய்முறை அட்டையும் கூடவே வரும். சமைப்பது மட்டும் நம் வேலை.

இந்த வியாபாரம் 2007ல் சுவீடனில் தொடங்கியது. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 2011ல் ஹலோஃபிரஷ் தொடங்கப்பட்டது. நியூயார்க்கில் 2012ல் புளூ ஏப்ரன் வந்தது. புளூ ஏப்ரன் 2017 ஜூனில் ஒரு பங்கு 10 டாலர் என்ற விலையில் பங்குச் சந்தைக்குள் நுழைந்தது. ஆனால் 2023ல் முழு நிறுவனமும் சுமார் 10 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. சலுகை காட்டி ஆள் சேர்ப்பது எளிது. சலுகை முடிந்த பிறகு அவர்களைத் தக்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் கடினம்.

முதல் கணக்கு: உண்மையான விலை

எக்ஸெல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஒன்றன் கீழ் ஒன்றாக இவற்றை டைப் செய்யுங்கள்.

1. ஒரு தட்டுச் சாப்பாட்டின் விலை: 11
2. வாரத்திற்கு எத்தனை தட்டு: 6 (இரண்டு பேர், மூன்று இரவுகள்)
3. டெலிவரி கட்டணம்: 11

நான்காவது வரிசையில் கர்சரை வைத்து = அடையாளம் இடுங்கள். முதல் எண் உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்து, * இடுங்கள். அடுத்து இரண்டாவது செல்லைக் கிளிக் செய்து, + இட்டு, மூன்றாவது செல்லைக் கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள். 77 என்று விடை வரும்.

இதை 6ஆல் வகுத்தால் 12.83. விளம்பரத்தில் 11 டாலர் என்று காட்டப்பட்ட தட்டின் உண்மையான விலை இதுதான். பெட்டி சிறியதாக இருந்தால் டெலிவரி கட்டணம் ஒவ்வொரு தட்டின் தலையிலும் அதிகமாக ஏறும். அதே கட்டணம் 16 தட்டுகளுக்குப் பிரிந்தால் தட்டுக்கு 69 சென்ட்தான் வரும்.

ஒரு முக்கியமான குறிப்பு: தொடக்கச் சலுகை விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முதல் சில பெட்டிகளுக்கு மட்டும்தான். முழு விலையைப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது கணக்கு: எதற்குப் பதிலாக?

பெரும்பாலோர் தவறவிடும் இடம் இதுதான். பெட்டி லாபமா என்பது, அது வராவிட்டால் அன்று இரவு என்ன சாப்பிட்டிருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது.

என் அக்கா மகள் சொன்ன செலவு இது: கடையில் பொருள் வாங்கிச் சமைத்தால் தட்டுக்கு 5 டாலர், இருவருக்கு 10. ஹோட்டலில் இருந்து வரவழைத்தால் டிப்ஸ் உட்பட தட்டுக்கு 20 டாலர், இருவருக்கு 40.

* மூன்று இரவும் ஹோட்டலுக்குப் பதிலாகப் பெட்டி என்றால்: 120 டாலர் செலவு 77 ஆகிறது. வாரம் 43 டாலர் லாபம்.
* இரண்டு இரவு ஹோட்டல், ஒரு இரவு வீட்டுச் சமையல் என்றால்: 90 டாலர் 77 ஆகிறது. லாபம் 13 டாலர்.
* ஒரு இரவு மட்டும் ஹோட்டல் என்றால்: 60 டாலர் 77 ஆகிறது. நஷ்டம் 17 டாலர்.
* மூன்றுமே வீட்டுச் சமையல் என்றால்: 30 டாலர் 77 ஆகிறது. நஷ்டம் 47 டாலர்.

"நாங்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் வெளியே ஆர்டர் பண்ணுவோம்" என்றாள். அப்படியானால் நஷ்டம் 17 டாலர் என்றேன். ஆனால் ஸ்டேட்மென்ட்டை மீண்டும் பார்த்தபோது, பெட்டி வரத் தொடங்கிய பிறகும் வெள்ளிக்கிழமை பீட்சா நிற்கவில்லை என்பது தெரிந்தது. அப்படியென்றால் பெட்டி பிடித்துக்கொண்டது வீட்டுச் சமையலின் இடத்தைத்தான். வாரம் 47 டாலர். 52 வாரத்திற்கு 2,444 டாலர். அழைப்பில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. டிக்கெட் காசு எங்கே போனது என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது.

பெட்டிக்கு நியாயமும் உண்டு

அளந்து வருவதால் பொருள் வீணாவது குறைவு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, கடையில் வாங்கிச் சமைத்த உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயு, பெட்டி உணவைவிடச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அதிகம். பெட்டியில் பேக்கிங் குப்பை அதிகமாக இருந்தும் இந்த முடிவு வந்தது. உங்கள் வீட்டில் வாரந்தோறும் குப்பைக்குப் போகும் காய்கறியின் விலையையும் ஒரு வரிசையில் சேருங்கள். சமையல் பழகாதவர்களுக்குச் செய்முறை அட்டை நல்ல ஆசிரியர்.

சந்தாவில் கவனம்

வேண்டாம் என்று நாமே சொல்லாவிட்டால் அடுத்த பெட்டி வந்துவிடும் என்பதுதான் இந்தச் சந்தாவின் அமைப்பு. அதைச் சொல்வதற்கும் பல நாட்களுக்கு முன்பே கெடு முடிந்துவிடும். தானாகப் புதுப்பிக்கும் சந்தா முறை குறித்துக் கலிபோர்னியாவில் தொடரப்பட்ட வழக்கை முடித்துக்கொள்ள, 2025 ஆகஸ்டில் ஹலோஃபிரஷ் 75 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. புளூ ஏப்ரன் அதே ஆண்டில் சந்தாக் கட்டாயத்தையே கைவிட்டது.

எந்தச் சந்தாவில் சேர்ந்தாலும் இவற்றைச் செய்திடுங்கள்:

1. பணம் கட்டுவதற்கு முன், ரத்து செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எளிதில் கிடைக்கவில்லை என்றால் யோசியுங்கள்.
2. கெடு நாளைக் கம்ப்யூட்டர் காலண்டரில் நினைவூட்டலாகப் பதியுங்கள்.
3. ரத்து செய்த பின் வரும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.
4. மாதம் ஒருமுறை கார்டு ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் படியுங்கள்.

நமக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். ஆன்ட்டி வைரஸ், சினிமா, பாட்டு என்று நம் கார்டிலும் இப்படித்தான் பணம் போகிறது. இந்தியாவில் 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்எம்எஸ் வந்தால் தள்ளிவிடாமல் படியுங்கள். வெளியேற முடியாதபடி அமைக்கப்படும் 'சந்தாப் பொறி'யை, மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன.

என் அக்கா மகள் அன்றே சந்தாவை நிறுத்திவிட்டாள். செய்முறை அட்டைகளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றைப் பார்த்து மாப்பிள்ளை இப்போது கடையில் பொருள் வாங்கி வந்து தானே சமைக்கிறாராம். எக்ஸெல் பைலை அவள் அழிக்கவில்லை. அதற்கு 'ஊர் டிக்கெட்' என்று பெயர் மாற்றி, வாரம் 47 டாலர் சேர்த்து வருகிறாள்.

உங்கள் சந்தாக்களுக்கும் இந்த வாரமே ஒரு பைல் திறந்து பாருங்களேன்!