பொன் போயிற்று, பாத்திரம் நிற்கிறது!

பிறர் வீட்டு ஜன்னலில் முகத்தை வைத்து எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் அல்ல என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கலிபோர்னியாவில் போடி என்ற ஊருக்குப் போனால் பெரியவர்கள்கூட அதைத்தான் செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைய அனுமதி இல்லை!

ஸியரா நெவாடா மலைத் தொடருக்குக் கிழக்கே, 8,375 அடி உயரத்தில் இருக்கிறது போடி. கடைசி மூன்று மைலும் மண் சாலை. 1859-ல் இங்கே தங்கத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரின் பெயர்தான் ஊருக்கு. பாவம், அவருக்கு அதை அனுபவிக்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் சிக்கி மாண்டார். போதாக்குறைக்கு, ஊர்ப் பெயரில் அவர் பெயரின் எழுத்தும் மாறிப் போயிற்று!

1877-க்குப் பிறகு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். சில வருஷங்களில் தங்கம் குறைந்தது, கூட்டமும் கலைந்தது. 1932-ல் பெருந்தீ ஊரின் பெரும் பகுதியை விழுங்கியது. 1942-ல், யுத்த காலத்தில், தங்கச் சுரங்கங்களை மூடும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. அத்துடன் சுரங்கத் தொழில் நின்றது.

ஸ்டாண்டர்டு ஆலைக்குள் வழிகாட்டியோடுதான் போகலாம். நம் வீட்டு உலக்கை தெரியும் அல்லவா? இங்கே வரிசை வரிசையாக இரும்பு உலக்கைகள்! அவை பாறையை இடித்துப் பொடியாக்கும். பொடி நீரோடு கலந்து ஓடும்போது, அதிலுள்ள தங்கத்தைப் பாதரசம் பற்றிக்கொள்ளும். 1890-களில் 13 மைலுக்கு அப்பாலிருந்து இந்த ஆலைக்கு மின்சாரம் வந்தது. வளைவில் மின்சாரம் திரும்பாதோ என்று பயந்து, கம்பியை நேர்கோட்டில் இழுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு.

ஆனால், பார்க்கிறவர்களின் மனத்தைத் தொடுவது ஆலை அல்ல, வீடுகள்தான். தூசி படிந்த மேஜை, துருப்பிடித்த அடுப்பு, கட்டில். பள்ளிக்கூடத்தில் மாணவர்களின் மேஜைகள், பூகோள உருண்டை. ஊரை விட்டுப் போனவர்கள் வண்டியில் கொண்ட மட்டும் ஏற்றிக்கொண்டு, மற்றதை அப்படியே விட்டுப் போனார்கள். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று அன்று எத்தனை இல்லத்தரசிகள் வாசலில் நின்று தவித்தார்களோ!

1962 முதல் அரசாங்கப் பூங்காவாக இருக்கும் இந்த ஊரில் சுமார் 110 கட்டடங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைப் புதுப்பிப்பதில்லை, விழவும் விடுவதில்லை. கூரை ஒழுகினால் அடைப்பார்கள். சுவருக்கு வர்ணம் பூசமாட்டார்கள். தூசி தட்டாமல் வைத்திருப்பதும் ஒரு வேலைதான்!

இங்கிருந்து ஒரு சின்ன ஆணியை எடுத்துப் போனாலும் துரதிர்ஷ்டம் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அப்படி எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். அன்று தங்கத்தை வாரிக்கொண்டு போனவர்கள் யாரும் அதைத் திருப்பி அனுப்பியதில்லை. இன்று ஒரு துருப்பிடித்த ஆணி ஊருக்குத் திரும்பி வருகிறது!