செல்போன் முதலீட்டு மோசடி: மிரட்டலுக்குப் பணியாதீர்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு சேரும் நேரத்தில், "பங்குச் சந்தையில் போட்டால் ஒரே மாதத்தில் இரட்டிப்பு" என்று செல்போனுக்குச் செய்தி வருகிறது. இதை நம்பிப் பணத்தை இழப்பது ஒரு நஷ்டம். பின்னால் வரும் மிரட்டலுக்குப் பயந்து மறுபடியும் கட்டுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

மோசடி நடக்கும் விதம்

முதலில் 5,000 ரூபாய் போடச் சொல்லி, இரண்டு நாளில் 6,000 ரூபாயாகத் திருப்பித் தருவார்கள். இது தூண்டில் புழு. நம்பிக்கை வந்து, நகையை அடகு வைத்து 2 லட்சம் போட்டால், செல்போனில் 5 லட்சம் என்று காட்டும். அது வெறும் எண். எடுக்கப் போனால், "வரியாக 60,000 ரூபாயை முதலில் கட்டுங்கள்" என்பார்கள்.

மண்டியில் வாழைத்தார் விற்றால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கமிஷனை முன்னதாகக் கொண்டுவா என்று எந்த மண்டியிலும் கேட்பதில்லை. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தாலே மோசடி புரிந்துவிடும்.

2012-இல் ஈமு கோழித் திட்டத்தில் கொங்குப் பகுதி விவசாயிகள் பலர் ஏமாந்தனர். அப்போதாவது போய்க் கேட்க ஒரு பண்ணை இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மிரட்டினால்

பணம் கட்ட மறுத்தால், போலீஸ் உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்பார். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. படத்தை ஒட்டு வேலை செய்து உறவினருக்கு அனுப்புவதாகவும் பயமுறுத்துவார்கள். ஒரு முறை கட்டினால் மிரட்டல் நிற்காது, மேலும் கேட்பார்கள்.

செய்ய வேண்டியவை

1. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசவும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சமிருந்தால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குக் கை மாறிவிடும்.

2. வங்கிக் கிளையில் தொகை, தேதி, பரிவர்த்தனை எண் குறிப்பிட்டு எழுத்து மூலம் புகார் தரவும்.

3. செய்திகளையும் அழைத்த எண்களையும் அழிக்கக் கூடாது. அவையே சாட்சி.

4. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும். மிரட்டிப் பணம் கேட்பது தனிக் குற்றம், அதையும் எழுதவும்.

5. "கட்டணம் தந்தால் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வருபவரும் பெரும்பாலும் மோசடிக்காரரே.

முதலீட்டு ஆலோசனை சொல்பவர் செபியில் பதிவு பெற்றவரா என்று அதன் இணையதளத்தில் பார்த்த பிறகே எதையும் யோசிக்க வேண்டும்.

ஏமாந்ததை வெட்கப்பட்டு மறைப்பதே மோசடிக்காரருக்குப் பலம். அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிவிடவும். 1930 என்ற எண்ணை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைத்தால், அவசரத்துக்குத் தேட வேண்டியிராது.