"தமிழில் யோசிக்காதே" என்றால் மூளை கேட்குமா?

"ஆங்கிலம் பேசும்போது தமிழில் யோசிக்காதே" என்பது எமது பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு அடிக்கடி கூறப்படும் அறிவுரையாகும். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் மூளை அவ்வாறு இயங்குவதில்லை.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் ஒரு சொல் தனியாக வருவதில்லை. தன் உறவுகளையும் எழுப்பிக்கொண்டே வருகிறது. 1971இல் மேயர், ஷ்வானவெல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இவ்விரண்டு எழுத்துக்கோவைகளைக் காட்டி, அவை ஆங்கிலச் சொற்கள்தானா எனக் கேட்டனர். 'டொக்டர், நர்ஸ்' போன்று தொடர்புடைய சொற்கள் சேர்ந்து வந்தபோது பதில் விரைவாகக் கிடைத்தது.

இரண்டாம் மொழியாகக் கற்பவரின் பாதை வேறு. குரோல், ஸ்டுவர்ட் ஆகியோர் 1994இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஆரம்பத்தில் புதிய சொல் தாய்மொழிச் சொல்லோடுதான் கட்டப்படுகிறது. அதன் வழியாகவே பொருளைச் சென்றடைகிறது. பழக்கம் கூடக்கூடத்தான் பொருளுக்கு நேர்வழி திறக்கும். 'மெடிசின்' என்றால் 'மருந்து' என்று மனனம் செய்த பிள்ளை, நாம் மருந்து 'குடிப்பதால்', 'ட்ரிங்க் மெடிசின்' என்கிறது. ஆங்கிலேயரோ 'டேக்' என்பார். இது கவனக்குறைவல்ல. சொல் வந்த வழி அது.

சரளமாகப் பேசுவோரிடமும் தாய்மொழி உறங்குவதில்லை. வேல்ஸிலுள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தின் தியெரி, வூ ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தில் தேர்ந்த சீனர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டுமே இரண்டிரண்டாகக் காட்டப்பட்டன. சில சோடிகளைச் சீனத்தில் மொழிபெயர்த்தால் இரண்டிலும் ஒரே எழுத்து வரும். அதை எவரும் கூறவில்லை, பங்குபற்றியோரும் உணரவில்லை. ஆயினும் அவர்களது மூளையின் மின்னலைகள் அந்தச் சோடிகளுக்கு வேறுவிதமாக மாறின. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

ஆகவே தமிழ் குறுக்கிடுகிறது என்று பிள்ளையை ஏசுவதில் பயனில்லை. குறை, கொப்பியில் கோடு கிழித்து ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் தமிழுமாக எழுதிப் பாடமாக்கச் செய்யும் முறையோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. அது தொடக்கத்துக்கு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொல்லை வேறு வேறு வாக்கியங்களில் பிள்ளை பலமுறை சந்திக்காவிட்டால் நேர்வழி திறக்காது. சாதாரண தரப் பரீட்சையின் வாசிப்புப் பகுதியில் ஒவ்வொரு சொல்லையும் தமிழுக்குக் கொண்டுபோய்த் திரும்பும் பிள்ளைக்கு, பந்தியின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துபோயிருக்கும்.